ஒத்தக்கொம்பன் முன்னிலையில்

இதனால் சகல மானுட வர்க்கத்துக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், எது உண்மை எது பொய் என்று தெரியாமல் ஐயாயிரம் ஆண்டுகளாக உலகம் பட்டுவந்த அவதி, புரட்டாசி மாதம் பதினோராம் தேதி சனிக்கிழமை, ராகு காலம் கழிந்து காலை பத்தே முக்கால் மணிக்கு, கோயம்புத்தூர் சரவணம்பட்டியில் ஒரு கட்டடத்தின் நான்காவது மாடியில் முடிவுக்குக் கொண்டுவரப்பட்டது. இனி நீதிபதிகள் ஓய்வெடுக்கலாம். சாட்சிகள் வீட்டுக்குப் போகலாம். கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்பவர்கள் கற்பூரத்தை மிச்சப்படுத்தலாம்.

இதை மைக்கில் அறிவித்தவர் நொய்யல் இன்டராக்டிவ் நிறுவனத்தின் மேலாண்மை இயக்குநர் தேவசேனாபதி. அவருடைய தாத்தா பம்புசெட் செய்தார், அப்பா கிரைண்டர் செய்தார், இவர் வீடியோ கேம் செய்கிறார். மூன்றிலும் ஏதாவது ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கும், வாங்கியவன் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பான், ஆகையால் தொழில் ஒன்றுதான் என்பது அவர் கண்டுபிடித்த தத்துவம். அதைக் கேட்காமல் அந்த அலுவலகத்தில் யாரும் முதல் மாதச் சம்பளம் வாங்கியதில்லை.

மீட்டிங் ரூம் சுவரில் ஆளுயரத் திரை மாட்டப்பட்டிருந்தது. குத்துவிளக்கு ஏற்றி, தேங்காய் உடைத்து, ரிப்பன் வெட்டியதும் திரை விழித்துக்கொண்டது. உள்ளே ஓர் ஆடு நின்றது. கன்றுக்குட்டி அளவு உடம்பு, கருப்பா பச்சையா என்று சொல்ல முடியாத ரோமம், நெற்றியின் நட்டநடுவில் ஒரே ஒரு கொம்பு. நீங்கள் சொல்லப்போவது ஏற்கனவே தெரியும் என்பது போன்ற கண்கள்.

"இவர ஆடுன்னு நெனச்சுராதீங்க. இவரு சைனாவோட தர்மராஜாங்க" என்றார் தேவசேனாபதி. "ரெண்டு பேரு சண்டைன்னு வந்து நின்னா, ரெண்டு பேர் பேச்சையும் கேப்பாரு. பொய் சொன்னவன் பக்கமாத் திரும்பிக் கொம்பத் தாழ்த்துவாரு. அவ்வளவுதாங்க. அப்பீல் கெடையாது."

எல்லோரும் கைதட்டினார்கள். ஆட்டை வரைந்த இன்பசாகரனும் தட்டினார். இரண்டு மாதம் கழித்து அதே கொம்பின் முன்னால் தானே போய் நிற்க வேண்டியிருக்கும் என்று தெரிந்திருந்தால் கொஞ்சம் மெதுவாகத் தட்டியிருப்பார்.

இன்பசாகரனுக்கு நாற்பத்திரண்டு வயது. பதினான்கு வருடமாக அங்கே மிருகங்கள் வரைகிறார். விசிட்டிங் கார்டில் 'மிருக வடிவமைப்பாளர்' என்று போட்டிருந்ததால், பெண் பார்க்கப் போன இடத்தில் கால்நடை மருத்துவர் என்று நினைத்துப் பெண் கொடுத்துவிட்டார்கள். கல்யாணத்துக்குப் பிறகு மாமனார் எருமைக்கு மடி வீக்கம் என்று கூப்பிட்டபோதுதான் விஷயம் அவருக்குப் புரிந்தது. அப்போதும் அவர் உண்மையை நேராகச் சொல்லாமல், எருமையை ஒருமுறை சுற்றி வந்து, "ரெண்டு நாள் பாக்கலாங்" என்று சொல்லிவிட்டு வந்தவர். சுபாவம் அப்படி.

ஆடு அவர் வரைந்ததுதான். ஆனால் அதற்கு நடை கொடுத்தவள் ரெஜினா. வால்பாறை எஸ்டேட்டிலிருந்து வந்த, இருபத்தாறு வயது அனிமேட்டர். மூன்றாவது அடியில் ஒரு கணம் நின்று, கழுத்தைத் திருப்பி, மோந்து பார்த்து, பிறகு முன்னங்காலை மடித்துத் தலை தாழ்த்தும் அந்த நடையைப் பார்த்தால் எந்தக் குற்றமும் செய்யாதவன்கூட ஓர் அடி பின்னால் போவான். இன்பசாகரனை அவள் அண்ணா என்று கூப்பிடுவாள். கிண்டல் செய்யும்போதும் அண்ணாதான்.

"அண்ணா, ஆட்டுக்கு உங்க கண்ண வெச்சிருக்கீங்க."

"என்ற கண்ணு இத்தன அழகாவா இருக்குது?"

"அழகா இருக்குன்னு யாருண்ணா சொன்னா? லீவு கேட்டா நீங்க பாப்பீங்களே, அந்தப் பார்வை."

ஆடு அங்கே வந்து சேர்ந்த கதை இது. சீனாவின் செங்டு நகரத்துக் கம்பெனி ஒன்று, பழைய சீனத்து விசித்திர மிருகங்களை வைத்து ஒரு ஆன்லைன் கேம் தயாரித்துக்கொண்டிருந்தது. மிருகங்களை வரைந்து உயிர்கொடுக்கும் வேலை சரவணம்பட்டிக்கு வந்தது. மிருகங்களின் பூர்வோத்தரத்தைச் சொல்லித்தர, பெய் யுன் என்ற பெண்மணி ஒவ்வொரு செவ்வாயும் வீடியோ காலில் வருவார். ஐம்பது வயதிருக்கும். எதிராளி பேசி முடிக்கும்வரை வாயைத் திறக்கமாட்டார். முடித்த பிறகும் இரண்டு வினாடி காத்திருப்பார், இன்னும் ஏதாவது மிச்சம் இருக்குமோ என்று. வேறு எந்தக் கூட்டத்திலும் அந்த இரண்டு வினாடி கிடைக்காத அலுவலகத்துக்கு அது பழகவே இல்லை. நெட் போய்விட்டது என்று நினைத்து யாராவது எழுந்து போய் வயரை ஆட்டுவார்கள்.

முதலில் வந்த மிருகத்தின் பெயர் ஹுன்துன். ஆறு கால், நான்கு இறக்கை, ஆனால் முகம் கிடையாது. கண், காது, மூக்கு, வாய் எதுவும் இல்லாத ஒரு சிவப்பு மூட்டை. இன்பசாகரன் அதை அப்படியே வரைந்து வைத்தார்.

"மொகமே இல்லீன்னா கஸ்டமர் எங்கீங்க பாப்பாங்க?" என்றார் தேவசேனாபதி. "ரெண்டு கண்ணாச்சும் வெச்சுருங்."

பெய் யுன் இரண்டு வினாடி காத்திருந்துவிட்டு ஒரு கதை சொன்னார். ஆதியில் குழப்பம் என்றொரு அரசன் இருந்தான். அவனுக்கு முகத்தில் துளைகளே இல்லை. அவனிடம் விருந்து சாப்பிட்ட இரண்டு நண்பர்கள், பாவம், எல்லோருக்கும் பார்க்கவும் கேட்கவும் மூச்சுவிடவும் ஏழு துளை இருக்கிறதே, இவனுக்கு இல்லையே என்று இரங்கி, நன்றிக்கடனாகத் தினம் ஒரு துளை போட்டார்கள். ஏழாவது நாள் அவன் செத்துப்போனான்.

"ஏழு நாளுங்களா?" என்றார் தேவசேனாபதி. "ஷெட்யூல் கரெக்டா வருது. மொகத்த அடுத்த செவ்வாக்கெழம காட்டீரலாங்."

ஹுன்துனுக்குக் கண் வைத்தார்கள். பார்ப்பதற்குப் பஞ்சுமிட்டாய் விற்பவர் மாதிரி இருந்தது.

அடுத்து வந்ததுதான் ஒற்றைக் கொம்பு ஆடு. அதன் சீனப் பெயர் ஷியேஜி. யார் வாயிலும் நுழையாததால் இரண்டாம் நாளே ஒத்தக்கொம்பன் ஆகிவிட்டது. கேமில் அதற்கு ஒரு விசேஷ வேலை இருந்தது. ஆட்டக்காரர்கள் கூட்டுச் சேர்ந்து வேட்டையாடுவார்கள், கிடைத்ததைப் பிரிக்கும்போது அடித்துக்கொள்வார்கள், அவன் ஏமாற்றினான் இவன் ஏமாற்றினான் என்று புகார் செய்வார்கள். இதைக் கேட்பதற்கென்றே செங்டு அலுவலகத்தில் நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் பதிலாக, கேமுக்குள்ளேயே ஒத்தக்கொம்பன் நின்று இரண்டு பேர் குரலையும் கேட்டுத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். வரைந்த பொம்மைக்குள் தீர்ப்புச் சொல்லும் மூளையை வைக்கும் பொறுப்பு, எதையும் இரண்டு தடவை யோசித்து ஒரு தடவை பாதி சொல்லும் அஸ்கர் என்ற இன்ஜினியரிடம் ஒப்படைக்கப்பட்டது.

பெய் யுன் அன்று வழக்கத்தைவிட அதிகமாகப் பேசினார். "எங்கள் மிருகங்கள் எதுவும் தனியாக இல்லை. மரம், தீ, மண், உலோகம், நீர் என்று ஐந்து. ஒன்று ஒன்றைப் பெற்றெடுக்கும், ஒன்று ஒன்றை அடக்கும். உலோகம் மரத்தை வெட்டும். தீ உலோகத்தை உருக்கும். நீர் தீயை அணைக்கும். உச்சியில் யாரும் கிடையாது. உங்கள் ஆட்டின் கொம்பை உலோகமாக வரைந்திருக்கிறீர்கள். அதை அடக்கும் தீ மிருகத்தை யார் வரைகிறீர்கள்?"

"அத ரெண்டாவது கட்டத்துல பாத்துக்கலாங்" என்றார் தேவசேனாபதி.

"இன்னொன்று. கதையில் அந்த ஆடு எல்லா வழக்குக்கும் வராது. நீதிபதிக்குச் சந்தேகம் வந்தால் மட்டும்தான் அதை அழைத்து வருவார்கள். பின்னாளில் அதிகாரிகள் அதன் உருவத்தைத் தொப்பியிலும் மார்பிலும் அணிந்துகொண்டார்கள். அலங்காரத்துக்கு என்று சிலர் சொல்வார்கள். முட்டு தன் மேலும் விழலாம் என்ற நினைப்பு இருக்கட்டும் என்பதற்காக என்று என் ஆசிரியர் சொல்வார். உங்கள் கதையில் நீதிபதி யார்?"

"நீதிபதி எதுக்குங்க? அதான் ஆடு இருக்குதே."

பெய் யுன் காத்திருந்தார். இரண்டு வினாடி போயிற்று, ஐந்து வினாடி போயிற்று. வேறு எதுவும் வரவில்லை.

ஆட்டுக்குப் பாடம் சொல்லித்தர ஆயிரக்கணக்கான சச்சரவுகளின் ஒலிப்பதிவு வேண்டும், ஒவ்வொன்றிலும் தப்பு யார்மேல் என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்று அஸ்கர் கேட்டான். தேவசேனாபதி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "நம்மகிட்ட இல்லாததாங்க? ஆறு வருஷத்து ரிவ்யூ மீட்டிங் அத்தனையும் ரெக்கார்டு இருக்குது. ஒவ்வொண்ணுக்கும் மினிட்ஸ் போட்டு, 'பொறுப்பு'ங்கற கட்டத்துல யாரு பேருன்னு நானே என் கையால எழுதியிருக்கறேன். எடுத்துக்கோங்க."

எடுத்துக்கொண்டார்கள். நாலாயிரம் மணி நேரம். ஆடு அதையெல்லாம் பொறுமையாகக் கேட்டது. உலகத்தில் அத்தனை ரிவ்யூ மீட்டிங்கையும் தூங்காமல் கேட்ட முதல் ஜீவன் அதுதான். மூன்று மாதத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு தடவை, தேவசேனாபதி யார் பெயரை எழுதினாரோ அந்த ஆளையே தானும் காட்டியது. நாட்டில் வேறு எந்த நீதிமன்றத்துக்கு இந்தச் சுத்தம் உண்டு என்று அவர் கேட்டார்.

கேம் வெளிவர இன்னும் ஒரு வருடம் இருந்தது. அதுவரை ஆட்டைச் சும்மா நிறுத்துவானேன் என்றுதான் அந்தப் புரட்டாசிச் சனிக்கிழமை அதை மீட்டிங் ரூமில் பிரதிஷ்டை செய்தார்கள்.

முதல் வழக்கு பார்க்கிங்கில் காரின் மேல் விழுந்த கீறல். கணக்குப் பிரிவு மேலாளருக்கும் செக்யூரிட்டி பொன்னுரங்கத்துக்கும் தகராறு. ஒத்தக்கொம்பன் எழுந்து, நடந்து, பொன்னுரங்கத்தின் பக்கம் கொம்பைத் தாழ்த்தியது. அடுத்தது ஃபிரிட்ஜில் காணாமல்போன தயிர்சாதம். கொம்பு கூட்டிப்பெருக்கும் அம்மாவிடம் போனது. மூன்றாவது, நான்காவது எல்லாம் இப்படியே. ஒவ்வொரு முறையும் எல்லோரும் தலையாட்டினார்கள். எந்த ஆளை மனத்துக்குள் நினைத்தார்களோ அந்த ஆளையே அது முட்டியது. அதனால்தான் அதன்மேல் அவ்வளவு நம்பிக்கை வந்தது.

விஷயம் பரவியது. பொள்ளாச்சிப் பக்கத்துக் கல்லூரி ஒன்று விடுதிக்கு ஒரு திரை வாங்கியது. அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கம் இரண்டு வாங்கியது. அவிநாசி சாலையில் ஒரு நூற்பாலை, ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கும் பெண்கள் சூப்பர்வைசர்கள்மேல் கொடுக்கும் புகாரை விசாரிக்க வாங்கிப்போனது. முதல் வாரம் பதினேழு பெண்கள் ஆட்டின் முன்னால் நின்றார்கள். பதினேழு தடவையும் கொம்பு அவர்கள் பக்கமே தாழ்ந்தது. இரண்டாவது வாரம் நான்கு பேர். மூன்றாவது வாரம் யாருமே வரவில்லை. ஆலையில் புகாரே இல்லாமல் போய்விட்டது என்று தேவசேனாபதி ஒரு வண்ணப் பிரசுரம் அச்சடித்தார். அட்டையில் ஒத்தக்கொம்பன் இளவெயிலில் மேய்ந்துகொண்டிருந்தது. அந்தப் படத்தையும் இன்பசாகரன்தான் வரைந்தார். மூன்றாவது வாரம் ஏன் யாரும் வரவில்லை என்று அவர் கேட்கவில்லை. புல்லின் பச்சை சரியாக வந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்.

கேமில் இன்பசாகரன் பெயர் எங்கும் வராது. ஒப்பந்தம் அப்படி. பதினான்கு வருடத்தில் எதிலுமே வந்ததில்லை. ஐப்பசியில் ஒரு புதன்கிழமை, ஏசியில் வடிந்த தண்ணீர் அவருடைய கம்ப்யூட்டருக்குள் இறங்கிவிட்டது. நடையைச் சரிபார்க்க ரெஜினாவின் சீட்டில் உட்கார்ந்தார். அவள் டீ குடிக்கப் போயிருந்தாள். திரையில் ஆடு நின்றது, அவரைப் பார்த்தது. அவருக்கு என்னவோ ஆயிற்று. ஓவியர்கள் தங்கள் படங்களைக் காட்டிக்கொள்ளும் ஒரு தளத்தில், புனைபெயரில், ஆட்டின் முழுப் படத்தையும் ஏற்றினார். பதினோரு பேர் லைக் போட்டார்கள். பிரேசிலில் யாரோ ஒருவர், 'இந்தக் கண்களை வரைந்த கைக்கு வணக்கம்' என்று எழுதினார். நாற்பது நிமிடம் அதையே படித்துக்கொண்டிருந்துவிட்டு, பயம் வந்து, எல்லாவற்றையும் அழித்துவிட்டார்.

நாற்பது நிமிடம் போதுமானதாக இருந்தது. வெள்ளிக்கிழமை அந்தப் படம் சீனத்து ரசிகர் பக்கங்களில் எல்லாம் இருந்தது. உள்ளூரில் திரை விற்கத்தான் அனுமதி, இணையத்தில் படம் போட அல்ல, கசியவிட்ட ஆளைக் கண்டுபிடித்து வெளியே அனுப்ப வேண்டும், இல்லையென்றால் ஒப்பந்தம் இல்லை என்று செங்டுவிலிருந்து கடிதம் வந்தது. எந்தக் கம்ப்யூட்டர் என்று தேடியதில் ரெஜினாவுடையது என்று தெரிந்தது.

"நான் இல்ல சார். அன்னிக்கு அண்ணாவும் என் சீட்ல இருந்தாரு" என்றாள் அவள்.

"அப்ப ரெண்டு பேரு" என்றார் தேவசேனாபதி, உற்சாகமாக. "திங்கக்கெழம ஒத்தக்கொம்பன் பாத்துக்குவாரு."

இன்பசாகரனுக்கு ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு இறங்கவில்லை. ஆனாலும் ஒரு மூலையில் நிம்மதியும் இருந்தது. தானாகப் போய் ஒப்புக்கொள்ள அவரால் முடியாது, அது அவருக்கே தெரியும். ஆனால் ஆடு இருக்கிறதே. அது மோந்து கண்டுபிடித்துவிடும். ஒப்புக்கொள்வதைவிடக் கண்டுபிடிக்கப்படுவது எவ்வளவோ சௌகரியம். வாயைத் திறக்க வேண்டாம், அவள் முகத்தைப் பார்க்க வேண்டாம், நேர்மையும் தானாக நடந்து முடிந்துவிடும். திங்கட்கிழமை காலை மேஜையிலிருந்த தூரிகைகள், பிள்ளையார், தேவசேனாபதி நடத்தும் பள்ளிக்கூடத்தில் படிக்கும் மகள் களிமண்ணில் செய்துகொடுத்த பேனா ஸ்டாண்டு எல்லாவற்றையும் பைக்குள் எடுத்து வைத்துக்கொண்டுதான் மீட்டிங் ரூமுக்குள் போனார்.

தேவசேனாபதி நடுவில் உட்கார்ந்தார். "பயப்படாதீங்க அம்மணி. உண்மை பேசறவங்கள இவரு ஒண்ணும் பண்ணமாட்டாரு. இன்பா, நீங்க மொதல்ல."

இன்பசாகரன் பேசினார். எப்படியும் மாட்டத்தான் போகிறோம் என்ற தைரியத்தில் குரல் கணீரென்று வந்தது. பதினான்கு வருட ரிவ்யூ மீட்டிங்கில் பழுத்த குரல். "சீட்டுல உக்காந்தது வாஸ்தவங்க. நடைய செக் பண்ணுனேன். கடைசி பதினெட்டு ஃப்ரேம்ல ஒரு வெட்டு இருந்தது, குறிச்சு வெச்சேன், எந்திரிச்சு வந்துட்டேன். படம் எதையும் நான் ஏத்தலீங்."

"அம்மணி, நீங்க."

"நான் டீ குடிக்கப் போனப்ப ஸ்க்ரீன லாக் பண்ணாமப் போயிட்டேன் சார், அது என் தப்புதான். ஆனா படத்த நான் வந்து..."

"லாக் பண்ணலைன்னு நீங்களே ஒத்துக்கறீங்க."

"ஆமா சார், ஆனா..."

"லாக் பண்ணோணும்னு கையெழுத்துப் போட்டுத்தான வேலைக்குச் சேந்தீங்க?"

"ஆமா சார்."

"அப்பறம்?"

ரெஜினா திரும்பினாள். "அண்ணா, நீங்களாவது சொல்லுங்கண்ணா."

அவர் ஆட்டைப் பார்த்தார். உண்மையிலேயே எதிர்பார்த்துத்தான் பார்த்தார். வா, வந்து முட்டு, சீக்கிரம் என்று மனத்துக்குள் கெஞ்சினார். ரெஜினா இன்னும் ஒரு கணம் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரிங்க சார்" என்று யாரிடமோ சொல்லி நிறுத்திக்கொண்டாள்.

ஒத்தக்கொம்பன் எழுந்தது. ஓர் அடி, இரண்டாம் அடி. மூன்றாவதில் நின்றது. கழுத்தைத் திருப்பி மோந்தது. முன்னங்காலை மடித்து, கொம்பை மெதுவாக, மிக அழகாக, ரெஜினாவின் பக்கம் தாழ்த்தியது.

யாருக்கும் ஆச்சரியமில்லை. ஒருவர் நாற்காலியை நகர்த்தினார். அடுத்த மீட்டிங்குக்கு அறை வேண்டுமாம்.

ரெஜினா அழவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தல குனியறப்ப காது பின்னால போகணும் சார்" என்றாள். "இன்னும் போகல. இந்த வாரம் சரி பண்ணலாம்னு இருந்தேன்." பிறகு கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி, நாடாவை ஒழுங்காகச் சுற்றி, மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

மத்தியானம் எதிர்ப்புற டீக்கடையில் இன்பசாகரன் அஸ்கரைப் பிடித்துக்கொண்டார். "தப்பான ஆள முட்டிருச்சுடா."

"எப்படிங்ணா அத்தன உறுதியாச் சொல்றீங்க?"

இன்பசாகரன் டீ கிளாஸின் விளிம்பைத் துடைத்தார். அஸ்கர் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு டீயை ஊதினான். "ஓ."

"அது எப்படிக் கண்டுபிடிக்குது? அதச் சொல்லு மொதல்ல."

"பொய்யவெல்லாம் அது கண்டுபிடிக்கறதே இல்லீங்ணா. அதுக்கு நாம குடுத்த பாடம் என்ன? ரிவ்யூ மீட்டிங். அதுல பொறுப்புன்னு யாரு பேரு விழும்? நெனச்சுப் பாருங்க. ரெண்டு பேரு பேசுவாங்க, ஒருத்தன் குறுக்க பூருவான், இன்னொருத்தன் நிறுத்திக்குவான். நிறுத்துனவன் பேருதானுங்ணா அந்தக் கட்டத்துல விழுகும். ஆறு வருஷமா, நாலாயிரம் மணி நேரமும் அதேதான். ஆடு புத்திசாலிங்ணா. அத மட்டும் புடிச்சுக்கிச்சு. யாரு மொதல்ல பேச்ச நிறுத்தறாங்களோ, அவங்களத்தான் முட்டும்."

டீக்கடை ரேடியோவில் பல்பொடி விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. இன்பசாகரனுக்கு அந்த நூற்பாலைப் பெண்களின் ஞாபகம் வந்தது. பதினேழு, நான்கு, பூஜ்யம்.

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

"பாடம் குடுத்த ரெண்டாவது மாசமே தெரியுங்ணா."

"சொல்லியிருக்கலாமல்லடா."

"ரிவ்யூ மீட்டிங்ல சொன்னனுங்ணா. நீங்களும்தான் இருந்தீங்க. சார் குறுக்க என்னமோ கேட்டாரு." அஸ்கர் கிளாஸை வைத்தான். "நிறுத்திட்டேன்."

அன்று மாலை நான்கு மணிக்கு இன்பசாகரன் தேவசேனாபதியின் அறைக்குள் போனார். போவதற்கு முன்னால் படிக்கட்டில் நின்று மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். உள்ளே போனதும் நாலே வார்த்தைதான் வந்தது. "படத்த ஏத்துனது நான்தானுங் சார்."

தேவசேனாபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "உங்க மனசு எனக்குத் தெரியுங் இன்பா. அந்தப் புள்ளையக் காப்பாத்தறதுக்குப் பழிய நீங்க ஏத்துக்கறீங்க. பெரிய மனசு. வெசனப்படாதீங்க, அது வேற எங்கியாச்சும் பொழச்சுக்கும்."

"இல்லீங் சார். நெசமாலுமே நான்தான்."

"காலைல ஒத்தக்கொம்பன் சொன்னது தப்புங்கறீங்களா?"

"ஆமாங் சார்."

அறை கொஞ்சம் குளிர்ந்தது. நாளை மறுநாள் தொழிலாளர் தகராறுகளுக்கு மாவட்டம் முழுக்க ஒத்தக்கொம்பனை வைப்பது பற்றிப் பேச அதிகாரிகள் வருவதாக இருந்தது. தேவசேனாபதி எழுந்து நின்றார். "நமக்குள்ள எதுக்குங் பேச்சு? வாங்க, அவருகிட்டயே கேட்டுருவோம்."

மீட்டிங் ரூமில் அவர்கள் இரண்டு பேரும் ஆடும் மட்டும்தான். இந்த முறை இன்பசாகரனுக்கு விதி தெரியும். நிறுத்தக்கூடாது. என்ன ஆனாலும் நிறுத்தக்கூடாது.

"புதங்கெழம மூணே காலுக்கு நான் ரெஜினா சீட்டுல உக்காந்து படத்த ஏத்துனேன்" என்று ஆரம்பித்தார்.

"அவரு ஏத்தல. அந்தப் புள்ளமேல இருக்கற எரக்கத்துல சொல்றாரு" என்றார் தேவசேனாபதி.

இன்பசாகரன் நிறுத்தவில்லை. தளத்தின் பெயரைச் சொன்னார், புனைபெயரைச் சொன்னார், பதினோரு லைக்கையும் பிரேசில்காரரின் வணக்கத்தையும் சொன்னார். தேவசேனாபதி குறுக்கே பேசப் பேச அவர் அதன் மேலேயே பேசினார். தன் குரல் முதலாளியின் குரலுக்கு மேலே போய்க்கொண்டிருப்பதைப் பதினான்கு வருடத்தில் முதல்தடவையாகக் கேட்டார். யாருடைய குரலோ போல இருந்தது. உடம்பெல்லாம் வியர்த்தது. பயமும் ஆனந்தமும் ஒன்றாக வந்தன. தேவசேனாபதி மூச்சு வாங்கிக்கொள்ள ஒரு கணம் நிறுத்தினார்.

ஒத்தக்கொம்பன் எழுந்தது. தேவசேனாபதியைப் பார்த்தது. அவரை நோக்கி ஓர் அடி வைத்தது.

இரண்டு மாதத்தில் அந்தக் கொம்பின் முன்னால் அவர் நின்றதே இல்லை. இரண்டாவது அடி. அவர் முகத்தில் இருந்த மேலாண்மை இயக்குநர் எங்கோ போய், திரையைப் பார்த்துப் பின்வாங்கும் ஒரு சாதாரண மனிதர் மட்டும் நின்றார். மூன்றாவது அடி. ஆடு நின்று, கழுத்தைத் திருப்பி, மோந்தது.

தேவசேனாபதி குரலைத் தாழ்த்தி, மிகுந்த அன்போடு கேட்டார். "இன்பா, உங்க பொண்ணு இப்ப எத்தனாவதுங்க படிக்குது? நம்ம ஸ்கூல்லதானுங்களே?"

"ஏழாவதுங் சார்" என்றார் இன்பசாகரன்.

அதற்குப் பிறகு அவருக்கு எதுவும் வரவில்லை. மீதி வாக்கியம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

ஆட்டின் கழுத்து நிதானமாக இந்தப் பக்கம் திரும்பியது. முன்னங்கால் மடிந்தது. கொம்பு இன்பசாகரனின் நெஞ்சுக்கு நேராகத் தாழ்ந்து நின்றது. பிரதிஷ்டை ஆன நாளிலிருந்து ஒத்தக்கொம்பன் சரியான ஆளை முட்டியது அந்த ஒரே ஒரு தடவைதான். ஆனால் தீர்ப்பில் பதிந்த குற்றம், தான் குற்றவாளி என்று அவர் பொய் சொன்னது.

"பாத்தீங்களா" என்றார் தேவசேனாபதி. கைக்குட்டையால் பிடரியைத் துடைத்துக்கொண்டார். "எனக்குத் தெரியுமுங்க. பொய் சொல்லிக்கூட நல்லது செய்ய நெனைக்கற மனுசன் நீங்க."

மறுநாளே, மேலாண்மை இயக்குநரின் குரல் மட்டும் எந்த வழக்கிலும் ஆட்டின் காதில் விழாதபடி செய்யச் சொல்லி அஸ்கருக்கு உத்தரவு போயிற்று. அஸ்கர் என்னவோ சொல்ல வந்து, நிறுத்திக்கொண்டு, செய்து கொடுத்தான். அதிகாரிகள் வந்தார்கள், ஆட்டைப் பார்த்தார்கள், கையெழுத்திட்டார்கள். தை மாதத்துக்குள் மாவட்டத்தில் நூற்று நாற்பது இடங்களில் ஒத்தக்கொம்பன் நின்றது. போன இடமெல்லாம் புகார்கள் அடங்கின. தெருவில் போகும்போது ஊரே கொஞ்சம் சத்தம் குறைந்துவிட்டது போல இன்பசாகரனுக்குத் தோன்றும். பிரமையாக இருக்கும் என்று நினைத்துக்கொள்வார். வீட்டில் மகள் ஏதாவது கேட்க வந்து பாதியில் விட்டால், "சொல்லு, சொல்லி முடி" என்று அதட்டுவார். அதட்டினால் அவள் இன்னும் சீக்கிரம் நிறுத்திவிடுவாள்.

செங்டு அலுவலகத்திலும் ஆட்டை வைத்தார்கள். புகார் கேட்டுவந்த நாற்பது பேரும் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். மிருகங்களின் வரலாறு தெரிந்த ஆலோசகர் ஒருவர் தேவைதானா என்று ஒரு சர்ச்சை வந்தபோது, அதையும் ஒத்தக்கொம்பனே விசாரித்தது. எதிராளி பேசி முடிக்கும்வரை பெய் யுன் காத்திருந்தார். அதற்குமேல் இரண்டு வினாடியும் காத்திருந்தார். அடுத்த செவ்வாய்க்கிழமையிலிருந்து வீடியோ கால் வரவில்லை.

மாசியில் கம்பெனி ஆண்டு விழா நடந்தது. சக ஊழியருக்காகத் தன்மேல் பழியை ஏற்க முன்வந்த தியாகத்தைப் பாராட்டி, அந்த ஆண்டின் சிறந்த பண்பாளர் விருதை இன்பசாகரனுக்கு அறிவித்தார்கள். தேவசேனாபதி பன்னிரண்டு நிமிடம் அவரைப் புகழ்ந்தார்.

இன்பசாகரன் மேடையேறி விருதை வாங்கிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டு, சாப்பிடப் போனார்.